பாங்காக் பயணத்தில் இனி தனிச் சமையல் இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பாங்காக் பயணத்துக்கு முன்பதிவு செய்தவர்கள் இரண்டு வாரமாக எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறீர்கள்: "இந்த முறை சமையல்காரர் அடுப்பு மூட்டப் போவதில்லையாமே, சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?" தொலைபேசியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, எல்லோருக்கும் சேர்த்து விளக்கமாக எழுதிவிடுவதே முறை என்று தோன்றியது.

சென்ற ஆண்டு நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் நாள் மதியம் பெருமழை. வண்டி நகரவில்லை. திட்டத்தில் இல்லாத ஓர் உணவகத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். குழுவில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இருந்தார், பிறந்ததிலிருந்து சைவம். எங்கள் வழிகாட்டி உணவகத்தாரிடம் "இதில் கறி இருக்கிறதா, மீன் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். வள்ளைக்கீரை வதக்கல் சுடச்சுட வந்தது. அந்த அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் போன இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த சாஸ் பாட்டிலில் சிப்பியின் படத்தைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பும்வரை பழமும் தயிரும் தவிர எதையும் அவர் தொடவில்லை.

உணவகத்தார் பொய் சொல்லவில்லை. தட்டில் கறித்துண்டும் இல்லை, மீன்துண்டும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவர்கள் நாங்கள்தான். அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களைத் திட்டவில்லை. "இத்தனை வருஷமாகப் போய்வருகிறீர்கள், இதுகூடத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாமல்தான் இருந்தோம். கூடவே சமையல்காரர் வருகிறார், இட்லியும் சாம்பாரும் இருக்கின்றன என்ற தைரியத்தில், அந்த ஊர் அடுப்பங்கரையில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான், இனி தனியாகச் சமைக்காமல் அந்த ஊர்க் கடைகளிலேயே விசாரித்துச் சாப்பிடுவது என்ற இந்த முடிவு. செலவைக் குறைப்பதற்காக எடுத்தது அல்ல.

தாய்லாந்துச் சமையலில் உப்பின் வேலையைப் பெரும்பாலும் செய்வது 'நாம் ப்ளா'. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் சாறு அது. நாம் குழம்பில் உப்பு போட்டோமா என்று யாரும் தனியாகக் கேட்பதில்லை அல்லவா? அப்படித்தான் அவர்களுக்கு அதுவும். பச்சைக் கறி, சிவப்புக் கறி என்று அழைக்கப்படும் தேங்காய்ப்பால் குழம்புகளுக்கு அரைக்கும் விழுதில் 'கப்பி' என்ற இறால் விழுது சேர்கிறது. காய்கறி மட்டும் போட்ட குழம்பு என்று கொண்டுவந்து வைப்பார்கள். காய்கறி மட்டும்தான் மிதக்கும், விழுது இறாலோடு அரைத்ததாக இருக்கும். பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் 'சொம் தாம்' சாலட்டில் காய்ந்த இறாலும் நாம் ப்ளாவும் உண்டு; வடகிழக்குப் பகுதியின் முறை என்றால் புளிக்கவைத்த மீனும் சேரும். கீரை வதக்கலில் சிப்பி சாஸ். ஆகவே "கறி இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அங்கே பயனில்லை. எதை ஊற்றுகிறார்கள், எதை அரைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

பௌத்த நாடுதானே, சைவம் எளிதில் கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. தாய்லாந்தில் இருப்பது தேரவாத பௌத்தம். பிச்சைப் பாத்திரத்தில் விழுவதைத் துறவி ஏற்கிறார். தமக்கென்றே கொன்றதாகக் கண்டாலோ, கேட்டாலோ, ஐயப்பட்டாலோதான் அந்த இறைச்சியை மறுக்க வேண்டும் என்பது அவர்களின் ஒழுங்கு.

சைவத்தைக் குறிக்க அங்கே இரண்டு சொற்கள் இருக்கின்றன. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 'மங்சவிரத்'. மாமிசத்திலிருந்து விலகுதல் என்ற பொருள் தரும் வடசொற்களிலிருந்து போனது; காதில் விழுந்தாலே நமக்கு அடையாளம் தெரியும். இதில் முட்டையும் பாலும் வரலாம். இன்னொன்று 'ஜே'. சீனர்கள் கொண்டுவந்த நோன்பு மரபு இது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். தாய் எழுத்துத் தெரியாதவர் கண்ணுக்கு அது 17 என்ற எண்ணைப் போலத் தெரியும். நம் ஊர்ப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளியைத் தேடுவது போல அங்கே அந்த மஞ்சளைத் தேடலாம். வெங்காயம், பூண்டு சேர்க்காத எங்கள் வாடிக்கையாளர்கள் பலருக்கு, நம் ஊர் ஓட்டல்களைவிட அந்தக் கொடி கட்டிய கடையில் நிம்மதி அதிகம்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள் 'ஜே' விழா நடக்கிறது. பாங்காக்கின் சீனக் கடைத்தெருவான யாவராட்டில் தெரு முழுவதும் மஞ்சள் கொடிகள், வாணலிகள், ஆவி பறக்கும் அண்டாக்கள். 2024இல் இந்த விழாவும் நம் நவராத்திரியும் ஒரே நாளில், அக்டோபர் 3 அன்று, தொடங்கின. 2025இல் சீன நாட்காட்டியில் ஓர் அதிக மாதம் வந்ததால் நவராத்திரி செப்டம்பர் 22இலும் ஜே விழா அக்டோபர் 21இலும் பிரிந்து வந்தன. இனி இரண்டு நாட்காட்டிகளையும் பார்த்துத்தான் பயணத் தேதியைக் குறிப்போம். இரண்டும் சேர்ந்துவரும் ஆண்டில், சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, பசியோடு எந்தப் பக்கம் நடந்தாலும் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை.

இனி, எங்களை மிகவும் யோசிக்கவைத்த விஷயத்துக்கு வருகிறோம். தனிச் சமையல் இருந்த ஆண்டுகளில் ஒவ்வொரு இரவும் குழு இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகள் வெளியே சாப்பிடப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் விடுதியில் ரசம் சாதத்தோடு உட்கார்ந்தார்கள். ஒரே குடும்பம், நான்கு நாள், ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது எங்களுக்கு வருத்தம்.

தாய்லாந்து விருந்து முறையே பகிர்ந்து உண்பதுதான். அவரவர் தட்டில் சோறு; மற்றவை மேசையின் நடுவில். 'சோன் கிளாங்' என்ற பொதுக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். சைவம் சாப்பிடுகிறவருக்கு இந்த முறையில் ஓர் இக்கட்டு இருக்கிறது: ஒரே கரண்டி மீன் குழம்புக்குள்ளும் போய்ப் பருப்புக்குள்ளும் வந்துவிடும். எனவே நாங்கள் வகுத்திருக்கும் ஏற்பாடு இது. மேசையின் நடுவில் ஜே முறையில் சமைத்த உணவு மட்டுமே வரும். எல்லோரும் அதிலிருந்து எடுப்போம். அசைவம் விரும்புகிறவர் தமக்கு மட்டும் தனித்தட்டில் வரவழைத்துக்கொள்ளலாம். அது அவர் தட்டைத் தாண்டி நகராது. வாசனையே ஆகாது என்பவருக்குத் தனி மேசை போடுவோம், ஆனால் அவர் கேட்டால் மட்டும். அவராகக் கேட்காமல் நாங்களே யாரையும் ஒதுக்கி உட்காரவைக்க மாட்டோம்.

முதல் நாள் காலை உணவுக்கு பாஹுரத் பகுதியில் உள்ள சீக்கியர்களின் குருத்வாராவுக்குப் போகிறோம். தலையை மூடிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார வேண்டும். லங்கர் எனப்படும் அந்தப் பந்தியில் சைவம்தான் பரிமாறுகிறார்கள். எந்த மதத்தார் வந்தாலும், எந்த விரதக்காரர் வந்தாலும், ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்ண வேண்டும் என்பதற்காக. ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

அசைவம் சாப்பிடும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஒரு சொட்டுதானே", "துண்டை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்களேன்" என்ற சொற்கள் எங்கள் மேசையில் வேண்டாம். சொல்கிறவர் அன்போடுதான் சொல்கிறார், எங்களுக்குத் தெரியும். கேட்கிறவருக்கு அது அறுபது ஆண்டு வைராக்கியத்தை ஒரு சொட்டாகக் குறைத்துவிடுகிறது.

சைவ வாடிக்கையாளர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். சைவம் என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். முட்டை கலந்த கேக் ஆகுமா? வெங்காயம், பூண்டு? அசைவம் சமைத்த வாணலியைக் கழுவிச் செய்தால் போதுமா, தனிப் பாத்திரம்தான் வேண்டுமா? எதிரில் ஒருவர் மீன் சாப்பிட்டால் உங்களால் உட்கார முடியுமா? இந்த மடலோடு வரும் படிவத்தில் இவற்றுக்கு இடம் விட்டிருக்கிறோம். எந்தப் பதிலும் அதிகப்படியானது அல்ல. மூன்று பேர் தனிப் பாத்திரம் கேட்டால், மூன்று பேருக்கும் தனிப் பாத்திரத்தில் வரும்.

எங்கள் சமையல்காரர் வேலையை விட்டுப் போய்விட்டாரா என்றும் சிலர் கேட்டீர்கள். இல்லை. குழுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே அவர் பாங்காக் போகிறார். நாம் சாப்பிடப்போகும் ஒவ்வொரு கடையின் அடுப்பங்கரையிலும் நின்று, பாட்டில்களைக் கையில் எடுத்துப் பார்த்து, விழுதை முகர்ந்து பார்த்து, பிறகுதான் அந்தக் கடை நம் பட்டியலில் ஏறும். 'மை சை நாம் ப்ளா', அதாவது மீன் சாறு ஊற்றாதீர்கள் என்பதை அவர் இப்போது தாய் மொழியில் தெளிவாகச் சொல்கிறார். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அவர் பையில் எப்போதும் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படிவத்தைப் புறப்படுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக அனுப்பிவிட்டால், கடைக்காரர்களிடம் சொல்லிவைக்க அவருக்கு நேரம் கிடைக்கும்.

சென்ற ஆண்டு வந்த அந்த அம்மா இந்த முறையும் பெயர் கொடுத்திருக்கிறார். அவருடைய படிவம்தான் முதலில் வந்து சேர்ந்தது. ஒரு கட்டத்தைக்கூட வெற்றாக விடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்