கையடக்கக் கேம் கருவியின் திரையைக் கணினியில் பார்க்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வந்துபோனால், யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் நிண்டென்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கேம் கருவி ஒன்று பிள்ளைகளின் கையில் தங்கிவிடும். அடுத்த வாரமே எங்கள் கடைக்கு ஒரு கேள்வி வந்துவிடும்: "இதன் படத்தை மடிக்கணினியில் பார்க்க எந்த வயர் வாங்க வேண்டும்?" கேட்பவர் சில வேளை உயர்தரம் படிக்கும் மாணவன். சில வேளை, சின்னத் திரையை உற்றுப் பார்த்துப் பேரனின் கண் கெட்டுவிடுமோ என்று கவலைப்படும் அம்மம்மா. இருவருக்கும் ஒரே விடைதான்: வயர் மட்டும் போதாது. ஏன் போதாது, எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்பதைக் கூட்ட நேரத்தில் கடையில் நின்று விளக்க முடிவதில்லை. ஆகவே எழுதித் தருகிறோம். வாங்கும் முன் ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

மடிக்கணினியின் பக்கத்தில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. துளை, படத்தை வெளியே அனுப்புவதற்காக மட்டும் அமைக்கப்பட்டது. வகுப்பறைப் புரொஜெக்டருக்கோ வீட்டுத் தொலைக்காட்சிக்கோ மடிக்கணினியின் திரையைக் கொண்டுபோகத்தான் அது. ஸ்விட்சைத் தொலைக்காட்சியோடு இணைக்க வைக்கும் தாங்கியான டொக்கில் உள்ள துளையும் அப்படியே, படத்தை வெளியே அனுப்புவது. இரண்டையும் ஒரு வயரால் இணைத்தால் இரு பக்கமும் அனுப்பத் தயாராக நிற்கும், பெற்றுக்கொள்ள எந்தப் பக்கமும் இராது. கூரைப் பீலியால் தண்ணீர் கீழே விழுமே தவிர மேலே ஏறாது. அந்தத் துளையும் அப்படித்தான். வயர் பழுது என்று திருப்பிக் கொண்டுவருபவர்களின் வயரைச் சோதித்தால், பெரும்பாலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. படத்தை உள்ளே வாங்கும் எச்.டி.எம்.ஐ. துளை கொண்ட மடிக்கணினிகள் மிக மிக அரிது. திரையும் கணினியும் ஒன்றாக இருக்கும் மேசைக் கணினிகள் சிலவற்றில் மட்டும் அப்படி ஒரு துளை தனியாக இருப்பதுண்டு. ஸ்விட்சின் டைப்-சி துளையிலிருந்து மடிக்கணினியின் டைப்-சி துளைக்கு வயர் போட்டாலும் விளையாட்டின் படம் வராது.

ஆக, விசாரிக்க வேண்டியவை இரண்டு. உங்கள் கருவியிலிருந்து படம் வெளியேற வழி இருக்கிறதா? கணினிக்குள் அது நுழைய வழி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் ஒரு ரூபாகூடச் செலவழிக்காதீர்கள்.

பணம் மிச்சமாகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறோம். பெரிய திரையில் விளையாடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் உங்களுக்குக் கணினியே தேவையில்லை, அதன் மொனிட்டர் போதும். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் மொனிட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். அங்குள்ள எச்.டி.எம்.ஐ. துளை படத்தை உள்ளே வாங்குவது. டொக்கிலிருந்து ஒரு சாதாரண எச்.டி.எம்.ஐ. வயரை அதில் செருகினால் படம் உடனே வந்துவிடும், தாமதமும் இராது. மொனிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் ஸ்விட்சின் தலைப்பக்கத்தில் உள்ள துளையில் ஹெட்போனைச் செருகுங்கள். டொக்கில் வைத்திருக்கும்போதும் அது வேலை செய்யும். வி.ஜி.ஏ. என்ற பழைய வகைப் படத் துளை மட்டுமே உள்ள மொனிட்டரையும் தூக்கி எறிய வேண்டாம். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் சிறிய கருவி ஒன்று போதும். ஆனால் திசையைக் கவனியுங்கள்: வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு பொருள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வி.ஜி.ஏ. வழியே ஒலி போகாது என்பதால், ஒலிக்கென்று தனித் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

விளையாட்டைப் பதிவு செய்து யூடியூப்பில் போடவோ, நேரலையாக ஒளிபரப்பவோ, மடிக்கணினி தவிர வேறு திரையே இல்லாத வாடகை அறையில் விளையாடவோ விரும்புகிறவர்களுக்குத்தான், படத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் சிறு கருவியான கப்சர் கார்ட் தேவை. டொக்கிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. வயரை அதன் ஒரு முனையில் செருகி, மறு முனையைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். விண்டோஸ், மாக், லினக்ஸ் எதுவானாலும் கணினி அதை ஒரு வெப்கேமராவாகவே எடுத்துக்கொள்ளும். பொதுவாகத் தனி மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸில் படம் வராவிட்டால், கேமராவுக்கான அனுமதி முடக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்து போகிறவர்கள் அதிகம் என்பதால் இந்தக் கார்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விலை குறைந்த சிறிய கார்டுகளின் பெட்டியில் "4கே" (மிக நுண்ணிய படம்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கார்டு உள்ளே வாங்கிக்கொள்ளும் படத்தின் அளவு அது. கணினிக்குக் கொடுக்கும் படம் வேறு: பெரும்பாலும் 1920×1080 புள்ளி அளவில் செக்கனுக்கு 30 படங்கள், அல்லது 1280×720 அளவில் 60 படங்கள். காரணம் யூ.எஸ்.பி.யின் வேகம். 1920×1080 அளவில் செக்கனுக்கு 60 படங்களைச் சுருக்காமல் அனுப்ப, வழக்கமான முறையில் செக்கனுக்கு ஏறத்தாழ 200 கோடி பிட்டுகள் போக வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 செக்கனுக்குக் கொண்டுபோகக்கூடியது, ஏட்டளவில்கூட, 48 கோடி பிட்டுகள்தான். எனவே கார்டு படத்தை இறுக்கிச் சுருக்கி அனுப்புகிறது. நிறங்கள் சற்று மங்குகின்றன, எழுத்துகளின் ஓரம் கலங்குகிறது. யூ.எஸ்.பி. 3.0 என்றால் 500 கோடி பிட்டுகள், அங்கே நெருக்கடி இல்லை. நல்ல படம் வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. 3.0 கார்டை வாங்கி, மடிக்கணினியிலும் அதற்குரிய துளையிலேயே செருகுங்கள். பல கணினிகளில் அந்தத் துளையின் உட்பகுதி நீல நிறமாக இருக்கும். உங்கள் பழைய மடிக்கணினியில் யூ.எஸ்.பி. 2.0 மட்டுமே இருந்தால் விலை கூடிய கார்டு உங்களுக்குப் பயன் தராது. அப்படியானவர்களுக்கு அதை நாங்கள் விற்கமாட்டோம்.

அடுத்தது தாமதம். விசையை அழுத்திய கணத்துக்கும் கணினித் திரையில் அது தெரியும் கணத்துக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விழும். மலிவான கார்டுகளில் அது செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கும் அதற்கு மேலும் போகலாம். ஆறுதலாகச் சிந்தித்து விளையாடும் விளையாட்டுகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. கார் ஓட்டம், சண்டை, உதைபந்தாட்டம் போன்றவற்றில் பிள்ளை எரிச்சலடைந்து, கருவி பழுது என்றே நினைத்துவிடும். இதற்கு வழி, படத்தை உள்ளே வாங்கி இன்னொரு எச்.டி.எம்.ஐ. துளையால் அப்படியே வெளியேயும் விடும் கார்டு. தொலைக்காட்சியைப் பார்த்து விளையாடலாம், கணினி தன்பாட்டில் பதிவு செய்துகொண்டிருக்கும். பதிவு செய்வதைத் தொடர்ந்து செய்ய நினைப்பவர்கள் சற்றுக் காசு சேர்த்து இந்த வகையை வாங்குவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கணினியில் படத்தைப் பார்க்க ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற மென்பொருள் போதும். அது முற்றிலும் இலவசம். யாராவது உங்களிடம் அதற்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். படம் வருகிறது, ஒலி வரவில்லை என்று பலர் தொலைபேசியில் அழைக்கிறார்கள். ஓ.பி.எஸ். தொடக்கத்தில் ஒலியைப் பதிவுக்கு மட்டுமே அனுப்பும், ஸ்பீக்கருக்கு அனுப்பாது. ஒலி அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில், கப்சர் கார்டுக்கு நேரே உள்ள தெரிவை "கேட்கவும் வேண்டும், பதிவும் வேண்டும்" என்ற பொருள்படும்படி மாற்றுங்கள். கார்டை மாற்றக் கொண்டுவரும் முன் இதைச் செய்து பாருங்கள்.

இனிக் கருவிகளைப் பற்றி. 2017இல் வந்த ஸ்விட்சும் 2021இல் வந்த ஓ.எல்.இ.டி. ஸ்விட்சும் டொக்கின் வழியே 1920×1080 வரை படத்தை வெளியே அனுப்பும். 2025 யூனில் வந்த ஸ்விட்ச் 2 அதன் டொக்கில் 4கே வரை அனுப்பும். ஆனால் பழைய ஸ்விட்சின் டொக் அதற்குச் சரிவராது, அதனோடு வந்த டொக்கையே பயன்படுத்துங்கள்.

ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். 2019இல் வெளியான இந்தக் கருவியிலிருந்து படம் வெளியேற வழியே கிடையாது. அதன் அடியில் உள்ள டைப்-சி துளையைப் பார்த்து, டொக் வாங்கினால் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் துளையால் மின்சாரமும் தரவும் போகும், படம் போகாது. படத்தை அங்கே கொண்டுவரும் உறுப்பு கருவிக்குள் வைக்கப்படவே இல்லை. எந்த டொக்கும் எந்த மாற்றியும் எந்தக் கப்சர் கார்டும் இதை மாற்றாது. உள்ளே வயர் ஒட்டிப் படத்தை எடுத்துத் தருவதாக யாரும் சொன்னால், பிள்ளையின் கருவியை அவர்களிடம் ஒப்படைக்கும் முன் நன்றாக யோசியுங்கள். வெளிநாட்டு உறவினரிடம் ஸ்விட்ச் கேட்கப் போகிறீர்கள் என்றால், "லைட் வேண்டாம், தொலைக்காட்சியில் போடக்கூடியது வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இருந்தாலும் லைட் வைத்திருக்கும் பிள்ளைகள் மனம் தளர வேண்டியதில்லை. பலருக்கு வேண்டியது, தான் போட்ட கோலை நண்பர்களுக்குக் காட்டுவதுதான். இடப் பக்கத்தில் உள்ள சிறிய சதுர விசையை அழுத்தினால் திரையின் படம் சேமிக்கப்படும். அழுத்திப் பிடித்தால் கடைசி 30 செக்கன் காட்சி சேமிக்கப்படும், ஆனால் எல்லா விளையாட்டுகளும் இதற்கு இடம் தருவதில்லை. 2020இன் இறுதியில் வந்த இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பின், இவற்றை யூ.எஸ்.பி. வயர் மூலம் கணினிக்கு மாற்றலாம். அமைப்புகளில் தரவு மேலாண்மைப் பகுதிக்குள் அந்தத் தெரிவு இருக்கிறது. வயரை நேரே கருவியிலேயே செருக வேண்டும், டொக்கில் அல்ல. உங்களிடம் ஏற்கனவே இருக்கும், தரவு போகக்கூடிய ஒரு டைப்-சி வயர் இதற்குப் போதும்.

ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியின் டைப்-சி துளையால் படம் வரும். எச்.டி.எம்.ஐ. துளை உள்ள ஒரு டைப்-சி ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் சிறு கருவி) போதும். அதே வீட்டு வைஃபையில் உள்ள கணினிக்கு ஸ்டீம் மென்பொருள் வழியே வயரில்லாமலும் படத்தை அனுப்பலாம். பி.எஸ். வீட்டா, 3டிஎஸ் என்ற பழைய கையடக்கக் கருவிகளுக்குப் படம் வெளியேறும் வழி கிடையாது. கருவியின் உள் மென்பொருளை மாற்றிச் செய்யும் முறைகள் உண்டு, கடையில் அதை நாங்கள் செய்து கொடுப்பதில்லை.

அண்ணன்மார் பயன்படுத்திய பி.எஸ்.பி. என்ற பழைய கையடக்கக் கருவியை அலுமாரியிலிருந்து எடுத்து வருகிறவர்களைக் கண்டால் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. கருவியில் உள்ள மாதிரி எண்ணைப் பாருங்கள். 1000 வரிசையில் தொடங்கினால் படம் வெளியேறாது. 2000 வரிசை விளையாட்டை வெளியே அனுப்பும், ஆனால் ஐந்து முனை கொண்ட கொம்பொனென்ட் வயரும் அதற்கேற்ற தொலைக்காட்சியும் வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட சாதாரண வயரில் அதன் விளையாட்டுகள் தெரியாது. 3000 வரிசையில் அந்தச் சாதாரண வயரே போதும், அதைக் கணினியின் யூ.எஸ்.பி.க்குக் கொண்டுபோகும் மலிவான கப்சர் கருவியும் உண்டு. பி.எஸ்.பி.யின் திரை 480×272 புள்ளிகள் மட்டுமே கொண்டது என்பதால் விளையாட்டு திரையின் நடுவில், சுற்றிலும் கறுப்பு ஓரத்தோடு தெரியும். அது பழுதல்ல.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்விட்சின் டொக் படம் தருவதற்கு, கருவியோடு வந்த அடப்டரே வேண்டும். பழைய ஸ்விட்சில் அது 15 வோல்ட்டில் 2.6 அம்பியர் கொடுப்பது. கைத்தொலைபேசியின் சாதாரண சார்ஜரால் கருவி மெல்ல மெல்லச் சார்ஜ் ஆகும், டொக்கில் படம் மட்டும் வராது. கனடாவிலிருந்து வந்த அடப்டர் இங்கே எரிந்துவிடும் என்று அஞ்சி 110 வோல்ட் ட்ரான்ஸ்போமர் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்விட்சின் அடப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். நம்முடைய 230 வோல்ட்டுக்கு அது பொருந்தும். பிளக்கின் கால்களை மாற்றும் சிறிய மாற்றி ஒன்றே போதும். லண்டனிலிருந்து வந்ததற்கு அதுவும் தேவையில்லை, அங்குள்ள மூன்று சதுரக் கால் பிளக்தான் இங்கும் இப்போது நியமம். வேறு கருவிகளின் அடப்டரில் 240 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்த பின்பே செருகுங்கள்.

வாங்குவதாக முடிவு செய்தால், கருவி, டொக், அதன் சொந்த அடப்டர், மடிக்கணினி, மடிக்கணினியின் சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கஸ்தூரியார் வீதியில் உள்ள எங்கள் கடைக்கு வாருங்கள். மேசையில் வைத்து எல்லாவற்றையும் இணைத்து, உங்கள் மடிக்கணினியிலேயே படமும் ஒலியும் வருவதைக் காட்டிய பின்புதான் பணம் வாங்குவோம். சாவகச்சேரி, பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், புறப்படும் முன் கருவியின் பின்புறத்தையும் மடிக்கணினியின் இரு பக்கங்களையும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். உங்களுக்குக் கார்ட் தேவையா, வீட்டில் இருக்கும் மொனிட்டரே போதுமா என்பதை அன்றே சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்