அம்மாவின் பெயரில் ஒரு ‘ழ’

குடும்ப ஓய்வூதிய அலுவலகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கோப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், முதலிலிருந்து சொல்லவில்லை. அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது. போன வாரம் நான்காவது முறையாக அம்மாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் அதே: பெயர் பொருந்தவில்லை.

அம்மாவின் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. அப்பாவின் பென்ஷன் ஆணையில் அதற்கு ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டிருக்கிறார்கள். ஆதாரில் ‘இசட் எச்’. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று தாசில்தார் சான்று, அஃபிடவிட், தம்பதியாக எடுத்த போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. தயவுசெய்து அந்த எழுத்தைத் திருத்துங்கள்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, அப்பா கடற்படையின் விக்ராந்த் கப்பலில் ஸ்டோக்கர், அதாவது பாய்லர் வேலை பார்ப்பவர். கப்பலின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். அந்த நிலையிலேயே வங்கக் கடலில் போருக்குப் போனதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்றுகூட ஊரில் அம்மாவுக்குத் தெரியாது. 9ஆம் தேதி நம் கடற்படையின் இன்னொரு கப்பலான குக்ரி மூழ்கி 194 பேர் போய்விட்டார்கள். அந்தச் செய்தி வந்ததிலிருந்து கைக்குழந்தையான என்னை மடியில் போட்டுக்கொண்டு, தபால்காரர் வரும் நேரமெல்லாம் திண்ணையிலேயே இருந்தாராம். கடைசியில் வந்த அந்தக் கடிதம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதில் அம்மாவின் பெயரை அப்பா ‘ழ’ போட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

15 வருட சர்வீஸ் முடித்து வந்தவர், அப்புறம் எங்களை விட்டு எங்கும் போகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது மூன்று மாதம் சமையல் அவர்தான். பென்ஷன் எடுத்த அன்றே முழுப் பணத்தையும் அம்மா கையில் கொடுத்துவிடுவார். அந்தக் கை இப்போது என்னிடம் மாத்திரைக்குக் காசு கேட்கக் கூசுகிறது.

ஆண்டுதோறும் கடற்படை தினமான டிசம்பர் 4 அன்று மலர்வளையம் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கப்பல்களில் உழைத்தவர்களின் மனைவிமார் ஓர் எழுத்துக்காக மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் தப்பாக எழுதியது அவர்களா? எத்தனை வீடுகளில் இதே கதையோ!

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 76 வயது. அந்த எழுத்தைத் திருத்தி, குடும்ப ஓய்வூதியத்தை நிலுவையோடு வழங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஏதாவது சான்று வேண்டுமென்றால், என்னென்ன என்று ஒரே தடவையில் எழுதுங்கள். கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கடற்படை வீரரின் மகள்