பத்திரிகை தொடங்கிய பந்தயம்

ஆசிரியருக்கு,

இத்தாலியின் 'ஜீரோ டி இத்தாலியா' (Giro d'Italia) சைக்கிள் பந்தயம் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். முன்னணி வீரர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டை, 'காஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' நாளிதழின் தாள் நிறம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். 1909-இல் பந்தயத்தைத் தொடங்கியதே அந்த விளையாட்டு நாளிதழ்தான். பிரான்சில் 1903-லேயே 'லோட்டோ' (L'Auto) பத்திரிகை 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கி இதைச் செய்துவிட்டது. சரி, விற்பனைக்காகத்தான், ஆனாலும் இரண்டு பந்தயங்களும் இன்றும் நடக்கின்றன.

எங்கள் ஊர் வாலிபால் போட்டி பற்றி ஒரு நாளிதழில் வந்த செய்தியில் பரிசு வழங்கிய பிரமுகர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். இறுதி ஆட்டத்தின் புள்ளிகள் இல்லை. தமிழில் தனி விளையாட்டு நாளிதழ் கட்டுப்படியாகாமல் போகலாம். வாரம் ஒரு பக்கமாவது மாவட்டப் போட்டிகளுக்கு ஒதுக்கி, செட் வாரியான புள்ளிகளையும் ஆடியவர்கள் பெயர்களையும் தாங்கள் வெளியிடலாம்.

– வாசகர், தேனி