கடல்தானே என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

"கடல்தானே, மெரினாவில் இல்லாத கடலா? அவ்வளவு பணம் போட்டு என்னடி பார்த்தீங்க?" என்று போனில் கேட்டாய். குக்கர் விசில் சத்தத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. உன்னைப் போலவே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

போனது அந்தமானில் ஹேவ்லாக் தீவு. 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான். சென்னையிலிருந்து விமானம், அப்புறம் கப்பல். உனக்கு ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்ட இடம் ஒரு வங்காளி அம்மாவின் சின்ன மெஸ். எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "சிஎம்சி ஆஸ்பத்திரி!" என்றார். கணவரின் வைத்தியத்துக்காக காந்தி ரோட்டு லாட்ஜில் ஒன்றரை மாதம் தங்கி, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்துச் சமைத்தாராம். வேலூரில் எங்கள் கடைக்கு வரும் நோயாளிகளோடு பேசிப் பேசி என் வீட்டுக்காரருக்கு வந்த இந்தி அன்றைக்குத்தான் முழுசாகப் பயன்பட்டது. நான் பையில் வைத்திருந்த ஆற்காடு மக்கன் பேடாவைக் கொடுத்தேன். அவர் ஒரு துண்டு மீன் வறுவல் கூடுதலாக வைத்தார். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வெள்ளை பனியனோடு ஒருவர் வந்து கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா.

சாயங்காலம் ராதாநகர் கடற்கரை. அந்தமான் அவ்வளவு கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதுதான். அதனால் ஜனவரியில் 5.15 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. நீங்கள் போனால் 4 மணிக்கே போய்விடுங்கள்.

காலையில் நடந்ததைத்தான் கடைசிக்கு வைத்திருக்கிறேன். எலிபண்ட் கடற்கரைக்குப் படகில் போனோம். பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கழுத்தளவு தண்ணீர் என்றாலே பயம். நீச்சல் தெரிய வேண்டாம் என்று சொல்லி, முகத்தில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கடிக்கச் சொல்லி, ஒரு பையன் ரப்பர் வளையத்தோடு என்னை இழுத்துப் போனான். மூக்கால் மூச்சு விடக்கூடாது. அதைப் பழகவே ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பவளம் என்றால் மோதிரத்துச் சிவப்பு என்று நினைத்திருந்தேன். அங்கே பழுப்பு நிறத்தில், ஆட்டு மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பாறை அளவுக்கு இருந்தது. அதன் இடுக்கில் மஞ்சள் கோடு போட்ட மீன் ஒன்று என்னையே பார்த்தது.

இவரால் இறங்க முடியவில்லை. மூக்குக் கண்ணாடி மேல் அந்தக் கண்ணாடியை மாட்ட முடியாது, கழற்றினால் ஒன்றும் தெரியாது. கரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடி வந்து மீனைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து, "இன்னொரு தடவை இறங்கு, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்றார். கல்யாணமாகி 26 வருஷத்தில், கடைச் சாவியைத் தவிர வேறு எதையும் நினைக்காத மனிதர் என்று உன்னிடமே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

இரண்டாவது தடவையும் இறங்கினேன்.

பேத்திக்குச் சங்கு, பவளம் எதுவும் கொண்டு வரவில்லை. அங்கிருந்து எடுத்து வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் வருகிறோம். மாமாவிடம் நானே பேசுகிறேன்.

உன் தங்கை