தர்க்கத்தை முழுசாகப் பதிவு செய்யுங்கள்

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி நாடக நடிகர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வள்ளி திருமணம் நாடகத்தில் பாட்டும் பேச்சுமாக வரும் நாரதர்–வள்ளி வாதத்தை, அதாவது தர்க்கத்தை, ஒரு வரிகூட வெட்டாமல் ஒலிப்பதிவு செய்து, சங்கங்களே வெளியிட வேண்டும். கேட்க வந்தது இது ஒன்றுதான்.

தர்க்கம் காதுக்கான காட்சி. கண்ணுக்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை, மைக் முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒத்திகை கிடையாது. நாரதர் ஓர் ஊர், வள்ளி வேறோர் ஊர். சில சமயம் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சேர்ந்து நடிக்கிறார்கள். நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு இருவருக்கும் பாடம். அதைத் தாண்டி நாரதர் ஒரு கேள்வி போட்டால் வள்ளி எந்தப் பக்கம் போவார் என்பது பின்பாட்டுக்காரருக்கே தெரியாது. ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி தயங்கும். பாட்டைவிட அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும்.

இசைத்தட்டுக் காலத்தில் இதற்கு வழியில்லை. 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய நாடகப் பாட்டுகள் தப்பித்தன. பாட்டுக்கு முன்னும் பின்னும் மேடையில் நடந்த சொற்சண்டை போய்விட்டது. செட்டாக வந்த நாடகத் தட்டுகளிலும் காட்சியை நறுக்கித்தான் அடைத்தார்கள். இன்று நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கைக்குக் கைமாறுவது செல்போன் வீடியோ. குழாய் ஸ்பீக்கரும் எக்கோவும் பாதி வார்த்தையைத் தின்றுவிடுகின்றன. அதிலும் கோமாளியும் ஆட்டக்காரியும் வரும் பஃபூன்–டான்ஸ் பகுதிதான் அதிகம். பஃபூன் மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்கும் நல்ல பதிவு வேண்டும். அது வேறு மடல்.

ஸ்டுடியோ வேண்டாம். கூட்டம் இல்லாவிட்டால் தர்க்கம் சூடு பிடிக்காது. திருவிழா ஓய்ந்த மாதங்களில் சங்கக் கட்டடத்திலேயே விவரம் தெரிந்த ரசிகர்களை உட்காரவைத்து நடத்தலாம். எக்கோவை அணைத்துவிட்டு ஆளுக்கொரு மைக், வாத்தியங்களுக்குத் தனியாக. ஒரே தர்க்கத்தை நாலைந்து ஜோடிகள் செய்யட்டும். எது சுவாமிகள் எழுதியது, எது நடிகர் அந்த இடத்தில் கட்டியது என்பது ஒப்பிட்டுக் கேட்டால்தான் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

அப்புறம், உரிமை. சுவாமிகள் 1922-இல் காலமானார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கில் அவர் எழுத்து எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டது. யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. நடித்துப் பாடியவரின் உரிமை வேறு. அந்தப் பதிவை வைத்து வியாபாரம் செய்தால் கலைஞருக்கு ராயல்டி உண்டென்று 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. அதனால் மைக் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுங்கள். பின்பாட்டு, மிருதங்கம், டோலக் உட்பட அத்தனை பேரின் பெயரும் பங்கும் அதில் இருக்கட்டும். ஒரு ராத்திரிச் சம்பளத்தை நீட்டி மொத்தமாக எழுதி வாங்க யாராவது வந்தால், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடக ரசிகன்