நமது சங்கத்தின் ஆண்டறிக்கை: புல்வெளியும் அதைப் பேணியவர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

கடந்த ஓராண்டில் செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். சென்ற பொதுக்குழுவில் எழுந்த ஒரு கேள்விக்கு விடை தேடுவதிலேயே இவ்வாண்டின் பெரும்பகுதி கழிந்ததால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது. "தோடர்கள் தீ வைத்தும் எருமை மேய்த்தும் சோலைக் காட்டை அழித்ததால்தானே உதகைப் பக்கம் புல்வெளி உண்டாயிற்று? அப்படியிருக்க, அங்கே மரம் நடுவதை ஏன் தடுக்கிறோம்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார்.

அந்தக் கருத்து தவறானது. உதகை அருகேயுள்ள சாண்டிநல்லாவின் சதுப்பு மண்ணில், மக்காமல் தங்கிய தாவர எச்சங்கள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மலைப்புல்லும் சோலை மரமும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் முறை வேறு வேறு என்பதால், அந்த எச்சங்களில் உள்ள கரிம ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் கரிம அணுக்களை, அளந்து, எக்காலத்தில் எது மிகுந்திருந்தது என்று கண்டறிய முடிகிறது. சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் பணிபுரிந்தோரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையில் சுமார் 20,000 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, பருவமழை வலுத்தும் குன்றியும் வந்ததற்கேற்பச் சோலையும் புல்வெளியும் மாறி மாறி ஓங்கியதைக் காட்டியது. தோடர்களின் வருகையை எவ்வளவு முன்னுக்குத் தள்ளினாலும் புல்வெளி அவர்களுக்கு மூத்தது. மார்கழி, தை மாதங்களில் திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுவதும் புல்வெளி நிலைத்ததற்கு ஒரு காரணம்.

ஆனால், தோடர்கள் இந்நிலத்தில் வெறுமனே குடியிருந்தார்கள் என்று சொல்வதும் பிழையே. வறண்ட மாதங்களில் புல்லைத் திட்டுத் திட்டாகக் கொளுத்தி, மழைக்குப் பின் இளம்புல் துளிர்க்கச் செய்தனர். பனியில் புல் கருகும் காலத்தில் மந்தைகளைக் நீலகிரியின் குந்தா பக்கத்து மந்துகளுக்கு (தோடர் குடியிருப்புகளுக்கு) ஓட்டிச் சென்று, மேய்ந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்தனர். சதுப்போரங்களில் வளரும் ஒருவகைப் புல் அவர்களுடைய கோயில்களின் கூரைக்கு வேண்டும் என்பதால், சதுப்பு வற்றினால் கோயிலுக்கும் கேடு. எங்கள் கள நடைக்கு வந்த தோடர் பெரியவர் ஒருவர், புல் மூடிக்கிடந்த ஒரு சிறு குழியருகே நின்று, எருமைகளுக்கு உப்புநீர் கலக்கும் சடங்கு அங்கேதான் நடந்தது என்றார். குழியைச் சுற்றி இன்று சீகை (வாட்டில் எனும் அந்நிய மரம்) கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. மேய எருமை இல்லாத இடத்தில் புல் முற்றிச் சாய்ந்து, அதன் நடுவே சீகை எழும்பியிருப்பதை அன்று எல்லோரும் பார்த்தோம்.

1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் தீயிடுவது குற்றமாயிற்று. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், விறகுக்காகவும் பின்னர் ஆலைக் கூழுக்காகவும் கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) புல்வெளிகளில் பெருமளவில் நடப்பட்டன. இதே போன்ற புல்வெளிகள் உள்ள பழனி மலைத்தொடரில் 1973 முதல் 2014 வரையான காலத்தில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு கூறுகிறது. வெற்றிடம் என்று கருதியே அதிகாரிகள் மரம் நட்டார்கள். நமது சங்கமும் தொடக்க ஆண்டுகளில் மரம் நடுவிழா என்ற பெயரில் அதையே செய்தது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

இனிப் பணி விவரம். தென்மேற்குப் பருவமழைக்குப் பின் மண் இளகியிருந்த வாரங்களில், ஓர் உறுப்பினரின் பட்டா நிலத்தில் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்கினோம். முழங்கால் உயரம் வரை கையால் வருகிறது. அதற்கு மேல் வளர்ந்ததை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தழைக்கிறது. பிடுங்கிய இடத்திலும் சில வாரங்களில் புதிய நாற்றுகள் வந்தன, ஏனெனில் சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். பழைய முறைப்படி கொளுத்திவிடலாமே என்று இளைஞர்கள் கேட்டனர். சூடு பட்டால் அவ்விதைகள் ஒருசேர முளைக்கும் என்பதால், புல்லை வளர்த்த தீ இன்று சீகையை வளர்த்துவிடும். கள நடைக்கு வந்த அந்தத் தோடர் பெரியவரும் "முதலில் விதையைத் தீருங்கள், தீயைப் பிறகு பேசலாம்" என்றார். அவர் சொன்னபடியே தீயிடும் யோசனையைச் செயற்குழு ஒத்திவைத்தது.

பக்கத்துப் புறம்போக்கிலும் இப்பணியைத் தொடர அனுமதி கேட்டு அலுவலகம் ஒன்றில் கொடுத்த மனு, மூன்று முறை நேரில் சென்றும் நிலுவையில் உள்ளது. அந்நிய களைத் தாவரங்களை அகற்றவும் வாழிடங்களை மீட்கவும் தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கை வெளியிட்டிருக்கும் நிலையில், இத்தாமதம் ஏற்கத்தக்கதன்று.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். புல்வெளியில் எந்த மரத்தையும், அது சோலை மரமே ஆனாலும், நமது சங்கம் நடுவதில்லை. மீட்புப் பணிக்கு இடம் தேர்வதற்கு முன், அருகிலுள்ள மந்துக்குச் சென்று அங்குள்ளோரின் சம்மதத்தைப் பெறுவோம்; 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அவர்கள் மேய்ச்சல் உரிமை கோரினால் விண்ணப்பம் எழுதவும் வரைபடம் தயாரிக்கவும் துணை நிற்போம். இவ்விரண்டையும் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்