கோவையில் கடல் எங்கே?

மஸ்கட்

அன்பு மகள் கயலுக்கு,

போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்கிறாய். அந்தச் "சரிப்பா"வுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கோவைக்குப் போய்ப் படிக்க ஆசைப்பட்ட நீ, பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கிடைத்ததை, கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது, வெல்லம்தான் வாங்கினேன் என்பதுபோலச் சொன்னாய். அதனால்தான் இந்தக் கடிதம். ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செய்தி கேட்டதும் நான் மகிழ்ந்தது உன் படிப்பை நினைத்து அல்ல. அம்மா தனியாக இருக்க மாட்டாள், இருட்டுவதற்குள் நீ வீடு வந்துவிடுவாய் என்றுதான். கோவை விடுதிச் செலவு மிச்சம் என்ற கணக்கும் கூடவே ஓடியது. இரவு படுத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. பதினான்கு வருடமாக வீட்டில் இல்லாதவன், மகள் வீட்டிலேயே இருப்பாள் என்று சந்தோஷப்படுகிறான்!

ஆகவே நீ வருத்தப்படுவதில் தவறு இல்லை. "பக்கத்திலேயே கிடைத்துவிட்டது, கொடுத்துவைத்தவள்" என்று கீழவீதி அத்தை சொல்லும்போது நீ தலையாட்டவும் வேண்டாம்.

என் கதை உனக்குத் தெரியும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நம் சிதம்பரம், அந்தப் பக்கம் பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகர். சிறுவயதில் நான் பாதையைத் தாண்டியதெல்லாம் பேராசிரியர் வீடுகளுக்குப் பால் ஊற்றத்தான். அப்போது பல்கலைக்கழகம் அரசின் கையில் இல்லை. 2013இல்தான் தமிழக அரசு சட்டம் இயற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நம் வீட்டிலோ மூன்று எருமைகள், ஐந்து பிள்ளைகள். கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கக்கூட நான் அங்கே படி ஏறியதில்லை. வாசலில் நிற்கும் சிலை யாருடையது என்று சின்ன வயதில் நீ கேட்டபோது, யாரோ தலைவர் என்று சொல்லி சைக்கிளை மிதித்துவிட்டேன். அது 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் இராசேந்திரன் என்பதை இங்கே வந்த பிறகு, அறையில் உடன் தங்கியிருந்த மதுரைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இத்தனைக்கும் தினமும் இரண்டு வேளை அந்த வழியாகப் பால் கேனோடு போனவன் நான்.

உனக்கு எட்டு வயதில் பிச்சாவரத்தில் படகு ஏறினோமே, நினைவிருக்கிறதா? ஒரு கிளையைப் பிடிக்க நீ கையை நீட்டினாய். "அது தில்லை மரம், பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்" என்று படகுக்காரர் உன்னைப் பின்னால் இழுத்தார். நம் ஊருக்கே தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த மரம். ஊருக்குள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அன்று இரவெல்லாம் கேள்வி கேட்டாய். உப்புத் தண்ணீரில் மரம் எப்படிப் பிழைக்கிறது, வேர் ஏன் மேலே வருகிறது, நண்டு அதைத் தின்னுமா? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை, தூங்கச் சொன்னேன். பதில் தெரிந்தவர்கள் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருந்தார்கள். அந்தக் கடல் உயிரியல் மையம் நீ சேரப்போகும் இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 2004 சுனாமியில் சதுப்பு மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததை ஆராய்ந்து எழுதியவர்கள் அவர்கள். கடல் உயிரியல் படிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் நீதானே சொன்னாய்? கோவையில் கடல் எங்கே இருக்கிறது, சொல்!

கோபித்துக்கொள்ளாதே, கேலிக்குச் சொன்னேன். நீ ஏங்கியது பாடத்துக்காக மட்டும் அல்ல என்று தெரியும். "யார் வீட்டுப் பெண்?" என்று எவரும் கேட்காத தெருவில் நடக்க ஆசைப்பட்டாய். அது மட்டமான ஆசை அல்ல. நான் விமானம் ஏறியபோது, கடனுக்காகப் போகிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். கடன் நான்கு வருடத்தில் அடைந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ விடுதியில் சேர்ந்துகொள். வீட்டிலிருந்து சைக்கிளில் பதினைந்து நிமிடம்தான், தெரியும். உள்ளூர்ப் பிள்ளைக்கு இடம் தருவார்களா என்று அலுவலகத்தில் கேள். இல்லையென்றால் அண்ணாமலைநகரிலேயே பெண்கள் தங்கும் இடம் ஏதாவது பார்ப்போம். மாடியில் அறை கட்ட வைத்திருக்கும் பணம் அப்படியே இருக்கிறது. நீ போய்விட்டால் அந்த அறை யாருக்கு?

அம்மா அழுவாள். வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, அன்று நானே பேசுகிறேன். அதுவரை அவளிடம் சொல்லாதே. இன்னொன்று, ஞாயிறு தவறாமல் அழுக்குத் துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்து நிற்காதே. அங்கேயே துவைத்துக் காயப்போடு.

அன்புடன்,
அப்பா